வீல்டன் விட்டுவிட்டுப் போன கம்பெனி

லண்டனில் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கலை அமைப்புகள் சிலவற்றின் வரவு செலவுக் கணக்கு அவர் மேசைக்கு வரும். அதனால் ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மேடையில் என்ன நடந்தது என்பதைவிட அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார். நடன அமைப்பாளர் கிறிஸ்டோஃபர் வீல்டனைப் பற்றி நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "சொந்தமா பாலே கம்பெனி ஆரம்பிச்சு, மூணு வருஷத்துல விட்டுட்டுப் போனவர்தானே அவர்? நடத்த முடியலன்னுதானே அர்த்தம்?" அவர் சொன்ன தகவலில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவே இல்லை. ஏன் ஒப்பவில்லை என்று அந்த இடத்தில் என்னால் சொல்லவும் முடியவில்லை. வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். மனம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

பாலே உலகத்தில் எழுதப்படாத ஓர் ஏணி இருக்கிறது. முதலில் கும்பலோடு கும்பலாக ஆடுவீர்கள், அப்புறம் தனித்து ஆடுவீர்கள், கொடுத்துவைத்தவராக இருந்தால் நடனம் அமைக்கச் சொல்வார்கள். உச்சிப் படி, உங்களுக்கென்று ஒரு கம்பெனி. ஜார்ஜ் பாலன்சின் நியூயார்க் சிட்டி பாலேயை நிறுவியதிலிருந்து, நடனம் அமைக்கும் ஒவ்வொருவரையும் அவர் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஏணியில் மேலே ஏறி, உச்சிப் படியில் கால் வைத்து, பிறகு தானாகவே இறங்கி வந்தவர் வீல்டன். என் நண்பர் மட்டுமல்ல, பாலேயை நெருக்கமாகக் கவனிக்கிற பலரும் அதை ஒரு சறுக்கலாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம், அதில் இழப்பே இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வேக்யூம் கிளீனரோடு வந்த டிக்கெட்

வீல்டன் 1973இல் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் பிறந்தவர். ராயல் பாலே பள்ளியில் படித்தார். 1991இல், இளம் பாலே நடனக்காரர்களுக்காக நடக்கும் லோசான் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கினார், அதே ஆண்டு ராயல் பாலேயில் சேர்ந்தார். இதுவரை எல்லாம் கச்சிதம். அப்புறம் கணுக்காலில் அடி. உறையவைத்த பட்டாணிப் பையைக் கணுக்கால்மேல் வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தவர், டிவியில் ஹூவர் விளம்பரம் ஒன்றைப் பார்க்கிறார். ஒரு வேக்யூம் கிளீனர் வாங்கினால் அமெரிக்காவுக்கு விமான டிக்கெட் இலவசம். வாங்கினார், நியூயார்க் போனார். போன இடத்தில் சிட்டி பாலேயின் காலை வகுப்பில் கலந்துகொள்ள அனுமதி கேட்டார். அந்த வகுப்பு வேலையில் முடிந்தது. 1993இல் சிட்டி பாலே நடனக்காரர் ஆகிவிட்டார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் அதிர்ஷ்டக் கதையாகக் கேட்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. ராயல் பாலே போன்ற இடத்தில் நிரந்தர வேலை, இருபது வயதுகூட நிறையவில்லை. அதை விட்டுவிட்டுத் தெரியாத ஊரில் போய் நிற்க முடிகிறது அவரால். பின்னாளில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் குணத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1998இல் தனி நடனக்காரராக உயர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 2000இல், ஆடுவதையே நிறுத்திவிட்டு முழுநேரமும் நடனம் அமைக்க வந்துவிட்டார். உடம்பு இன்னும் நன்றாக உழைக்கும் வயது அது. 2001இல் சிட்டி பாலே அவரைத் தன் முதல் ஆஸ்தான நடன அமைப்பாளர் ஆக்கியது. பாலன்சின் இருந்த வீட்டில் அப்படி ஒரு பதவியே அதுவரை இருந்ததில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் மேடையேறிய 'பாலிஃபோனியா'வை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. இசையமைப்பாளர் லிகெட்டியின் பத்து பியானோத் துண்டுகள், நான்கு ஜோடிகள், கதை இல்லை, காட்சி அமைப்பு இல்லை. லிகெட்டியின் தாளம் எண்ணிப் பின்தொடர முடியாதபடி நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவலை ஆடுபவர்களின் மூட்டுகளுக்குள் கொண்டுபோய் வைத்தார் வீல்டன். இடுப்பு ஒரு கணக்கில் போகும், கை வேறு கணக்கில் வரும், ஆனாலும் முழு உருவத்தில் ஒரு நிதானம் இருக்கும்.

அந்த நடனத்தின் நடுவில் இருந்தவர்கள் வெண்டி வீலனும் ஜாக் சோட்டோவும். வீலனுக்குச் சிறு வயதிலேயே முதுகெலும்பு வளைவு. மெலிந்த, கோணங்கள் தெரிகிற உடல். பழைய பாலேக்களின் இளவரசி வேடத்துக்கென்று செய்த உருவம் அல்ல. வீல்டன் அந்தக் கோணங்களை மறைக்கப் பார்க்கவில்லை. அவற்றிலிருந்தே வாக்கியங்களை அமைத்தார். சோட்டோ கனத்த, நிதானமான ஆள். தூக்குவதிலும் தாங்குவதிலும் அவரைப் போல நம்பகமான துணை அந்தத் தலைமுறையில் மிகக் குறைவு. இந்த இருவரை வைத்து 'லிட்டர்ஜி' (2003), பிறகு 'ஆஃப்டர் தி ரெயின்' (2005). இரண்டுக்கும் இசை ஆர்வோ பேர்ட்.

'ஆஃப்டர் தி ரெயின்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதல் பகுதியில் சாம்பல் நிற உடையில் மூன்று ஜோடிகள், கூர்மையான, அவசரமான அசைவுகள். இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு ஜோடி. பெண் முடியை அவிழ்த்துவிட்டிருப்பாள். நுனிக்கால் காலணி கிடையாது, மெத்தென்ற சாதாரண ஷூ. வெளிறிய ரோஜா நிறத்தில் உடலோடு ஒட்டிய உடை. ஆண் சட்டை போடாமல் வெள்ளைக் காற்சட்டையில் இருப்பான். ஒரு பியானோ, ஒரு வயலின். சாகசம் என்று கை தட்டவைக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் அவன் முழங்காலை மடக்கி நிற்க, அவள் அவன் தொடைமேல் ஏறி நின்று, கப்பலின் முகப்புச் சிலைபோல உடலை முன்னே வளைத்துக் கைகளைப் பின்னால் விரிக்கிறாள். அவன் அவள் கால்களை மட்டும் பிடித்திருக்கிறான். எடை முழுவதும் காற்றில். பார்க்கும்போது அவள் விழுவாளோ என்ற பயம் வருவதில்லை. அவன் விட்டுவிட மாட்டான் என்பது அந்தப் பிடியில் தெரிகிறது. முடிவில் அவள் உடலை வில்லாக வளைத்துக் கைகளையும் கால்களையும் தரையில் ஊன்றி நிற்க, அவன் அந்த வளைவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். சோட்டோ அதே ஆண்டு ஜூன் மாதம் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். விடைபெறப் போகிற நண்பனுக்கும், அவனோடு இத்தனை காலம் ஆடிய பெண்ணுக்கும் இடையில் இருந்ததை வீல்டன் அப்படியே எடுத்து வைத்துவிட்டார். வேறு யார் யாரோ இன்று அதை ஆடுகிறார்கள். இணையத்தில் நிறையப் பதிவுகள் கிடைக்கின்றன, சில மிக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எந்த ஜோடி ஆடினாலும் அந்த இருவரின் உடல் எடையும் உயரமும் அந்த அசைவுகளுக்குள் தங்கியிருப்பது தெரியும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீல்டன் தன் எண்ணத்தை யாருடைய உடலிலாவது ஏற்றிப் பார்ப்பவர் இல்லை. எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்து, அந்த ஆளிடமிருந்து எடுப்பவர். இந்தக் கலைஞர் ஏன் கம்பெனி தொடங்கினார், ஏன் விட்டார் என்ற இரண்டு கேள்விகளுக்குமே விடை இங்கிருந்துதான் வருகிறது.

இரவல் ஆட்கள்

2007 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. கம்பெனியின் பெயர் 'மார்ஃபோஸஸ்'. லிகெட்டியின் இசைக்கு 2002இல் அவர் அமைத்த ஒரு நடனத்தின் பெயரும் அதுதான். வீல்டனுக்கு அப்போது வயது 33. உடன் நின்றவர் லூர்தெஸ் லோபெஸ். அவரும் சிட்டி பாலேயில் முன்னணியில் ஆடியவர், நிர்வாகம் தெரிந்தவர். அந்த ஆகஸ்டில் கொலராடோவின் வேல் நடன விழாவில் முதல் அரங்கேற்றம். செப்டம்பரில் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ், அக்டோபரில் நியூயார்க் சிட்டி சென்டர். அடுத்த ஆண்டு சிட்டி பாலேயின் ஆஸ்தானப் பதவியையும் விட்டுவிட்டார்.

என்ன வேண்டும் என்பதில் அவர் தெளிவாகவே இருந்தார். பாலேயின் வாசலைக் கொஞ்சம் அகலத் திறக்க வேண்டும். திரை எழுவதற்கு முன்னால் அவரே மேடைக்கு வந்து பார்வையாளர்களிடம் இயல்பாகப் பேசுவார். ஒத்திகைக் காட்சிகளைச் சிறு படமாக ஓட்டுவார்கள். உடை வடிவமைப்பாளர்கள், ஓவியர்கள், இசையமைப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் இடமாக அது இருக்க வேண்டும் என்றார். தன் படைப்புகளோடு வில்லியம் ஃபோர்சைத் போன்ற மற்ற நடன அமைப்பாளர்களின் படைப்புகளையும் ஒரே மாலையில் வைத்தார். முப்பதுகளில் இருக்கும் ஒருவர் இத்தனை பெரிய ஆசையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் களத்தில் இறங்குவது சாதாரண விஷயம் இல்லை. அந்தத் துணிச்சல்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் நடனக்காரர்கள் யாருடையவர்கள்? சிட்டி பாலேயிலிருந்து சிலர், ராயல் பாலேயிலிருந்து சிலர், வேறு இடங்களிலிருந்து சிலர். தங்கள் கம்பெனியில் வேலை இல்லாத வாரங்களில் வந்து ஆடிவிட்டுத் திரும்பிப் போவார்கள். எல்லோரும் முதல் தரம், வீலனும் வந்து ஆடினார். ஆனால் யாரும் மார்ஃபோஸஸுக்குச் சொந்தம் இல்லை. இங்கேதான் என் தணிக்கை நண்பரின் கண்ணாடியைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கொள்கிறேன். நிரந்தரமான ஒரு பாலே கம்பெனி என்றால், நடனக்காரர்களுக்கு வாரச் சம்பளம் போக வேண்டும், ஆட்டம் இல்லாத ஒத்திகை வாரங்களுக்கும் சேர்த்து. காலை வகுப்புக்கு ஓர் ஆசிரியர், அந்த வகுப்புக்கு வாசிக்க ஒரு பியானோக்காரர், பயிற்சிக்கூடத்துக்கு வாடகை, அடிபட்டால் பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒரு கடினமான வேடத்தை ஒரே இரவு ஆடினால் நுனிக்கால் ஷூ ஒரு ஜோடி தீர்ந்துபோகும். அந்த ஷூவையும் கம்பெனிதான் வாங்கித் தர வேண்டும். டிக்கெட் விற்பனை இதில் எந்த மூலைக்கும் போதாது. ஐரோப்பாவில் நகராட்சியோ மாநில அரசோ கை கொடுக்கும். அமெரிக்காவில் செல்வந்தர்களின் நன்கொடையை நம்பித்தான் ஓட வேண்டும். மார்ஃபோஸஸ் தொடங்கிய அடுத்த ஆண்டு, 2008 செப்டம்பரில், வால் ஸ்ட்ரீட் சரிந்தது. நியூயார்க்கில் ஒரு புது நடனக் கம்பெனிக்குக் காசு கேட்டுப் போக அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது.

இரவல் ஆட்களை வைத்து வேலை செய்வதன் விளைவு மேடையிலேயே தெரிந்தது. இருவர் ஆடும் நடனங்கள் அதிகமாக இருக்கின்றன, ஒரு மாலை முழுக்க ஒரே தொனியில் போகிறது என்று ஆரம்பத்திலேயே குறை எழுந்தது. நியாயமான குறைதான். என் ஊகம் இது: பதினைந்து பேரை ஒரே அறையில் ஒரே நேரத்தில் பல வாரங்கள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் ஒரு கூட்டு நடனத்தைத் தட்டித் தட்டி உருவாக்க முடியும். இரண்டு பேர் என்றால் கிடைத்த நேரத்தில் முடித்துவிடலாம். பார்வையாளர்கள் ரசனைக் கோளாறு என்று பார்த்தது உண்மையில் கால அட்டவணைக் கோளாறு.

2010 பிப்ரவரி

முழுநேர நடனக்காரர்கள் கொண்ட நிலையான குழு ஒன்றுதான் தொடக்கம் முதலே அவருடைய இலக்கு. மூன்று ஆண்டுகள் ஆகியும் அது கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. 2010 பிப்ரவரியில் வீல்டன் விலகினார். நண்பர் "நடத்த முடியல" என்று சொன்னது இந்த இடத்தைத்தான். நானும் இங்கேயே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன்.

இரண்டு வழிகள் அவருக்குத் திறந்திருந்தன. இரவல் ஆட்களை வைத்துக்கொண்டே ஆண்டுக்குச் சில வாரங்கள் ஓட்டுவது ஒன்று. அவருடைய பெயருக்கு அரங்கு நிறையும். விழாக்களுக்கு அழைப்பு வரும். பெயர்ப்பலகையில் நிறுவனர், கலை இயக்குநர் என்று இருக்கும். இன்னொன்று, பணம் திரட்டுவதையே முதல் வேலையாக்கிக்கொண்டு, பத்து ஆண்டு கழித்தாவது நிரந்தரக் குழுவை எட்டிவிடலாம் என்று விருந்துகளிலும் கூட்டங்களிலும் காலத்தைச் செலவிடுவது. பாலன்சின் இந்த இரண்டாவது வழியில்தான் போனார் என்று சொல்வார்கள். சரி, அதையும் பார்ப்போம். கலைப் புரவலர் லிங்கன் கிர்ஸ்டீன் அழைத்து பாலன்சின் அமெரிக்காவுக்கு வந்தது 1933. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் முதலில் ஒரு பள்ளிதான் திறந்தார்கள். 1935இல் அமெரிக்கன் பாலே என்ற கம்பெனி, மெட்ரோபாலிட்டன் ஆபராவோடு சேர்ந்து இயங்கி 1938இல் உறவு முறிந்தது. 1946இல் பாலே சொசைட்டி. 1948இல்தான் நியூயார்க் சிட்டி பாலே. பதினைந்து ஆண்டுகள், நடுவில் இடிந்துபோன முயற்சிகள். அத்தனை காலமும் பணத்தைத் தேடி அலைந்தது பெரும்பாலும் கிர்ஸ்டீன். பாலன்சின் பிராட்வேயிலும் ஹாலிவுட்டிலும் வேலை பார்த்துக்கொண்டு நடனம் அமைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கை மறந்துவிட்டு, மூன்று ஆண்டில் நிமிர்ந்து நிற்கவில்லை என்று வீல்டனைக் குறை சொல்வது அநியாயம்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்து வேலை செய்பவர் வீல்டன் என்று மேலே சொன்னேன். அப்படிப்பட்டவர் சொந்தக் கம்பெனி கேட்டதே, அந்த ஆட்களோடு நாள்தோறும் இருக்கலாம் என்ற ஆசையால்தான் என்று நான் நம்புகிறேன். ஒருவர் காலை வகுப்பில் எப்படி நிற்கிறார், களைத்துப்போனால் எந்தத் தோள் முதலில் இறங்குகிறது, எந்த இசைக்குத் தானாக நிமிர்கிறார் என்பதெல்லாம் ஆண்டுக்கு நான்கு வாரம் இரவலாக வருபவரிடம் பிடிபடாது. வீலனிடமும் சோட்டோவிடமும் அவருக்கு அது பிடிபட்டதற்குக் காரணம், சக நடனக்காரராக அவர்கள் பக்கத்தில் அவர் பல ஆண்டுகள் வியர்வை சிந்தியிருந்தார். மார்ஃபோஸஸில் அவருக்குக் கிடைத்தது ஒரு கம்பெனியின் தலைவலி அத்தனையும். கம்பெனி எதற்காக வேண்டுமோ அது மட்டும் கிடைக்கவில்லை. அந்த நிலையில் பெயர்ப்பலகையைக் காப்பாற்றுவதற்காக நீடித்திருந்தால் அதைத்தான் நான் தோல்வி என்று சொல்லியிருப்பேன். முப்பத்தாறு வயதில், தன் பெயரோடு ஒட்டிப்போன ஒன்றை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விட்டு வெளியே நடப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அவர் போன பிறகு லோபெஸ் கம்பெனியை வேறு விதமாக நடத்திப் பார்த்தார். ஆண்டுக்கு ஒரு நடன அமைப்பாளர் வந்து தலைமை ஏற்பது என்று வைத்தார். 2012இல் அவருக்கு மயாமி சிட்டி பாலேயின் கலை இயக்குநர் பொறுப்பு வந்தது. மார்ஃபோஸஸ் மெல்ல ஓய்ந்துபோனது.

ஓராண்டு கழித்து

2011 பிப்ரவரி 28. கோவென்ட் கார்டனில் ராயல் பாலே மேடையில் 'ஆலிஸின் அற்புத உலகம்' முதல்முறை ஏறியது. விலகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. இசை ஜோபி டால்பட், அரங்கமும் உடையும் பாப் குரோலி, கனடா தேசிய பாலேயோடு கூட்டுத் தயாரிப்பு. இரவல் ஆட்களோடு திண்டாடிய ஒருவருக்குத் திடீரென்று ஒரு மாளிகையின் சாவிக்கொத்தே கைக்கு வந்ததுபோல ஆயிற்று. கிட்டத்தட்ட நூறு நடனக்காரர்கள், ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா, அரங்கப் பொருள் செய்யும் பட்டறைகள், தையல் அறைகள்.

அவர் அந்த வசதியைப் பயன்படுத்தியதில் எனக்குப் பிடித்தது செஷைர் பூனை. ஒரே பொம்மையாக அதைச் செய்யவில்லை. தலை தனி, கால் தனி, வால் தனி. கறுப்பு உடையில் இருட்டோடு கலந்துவிட்ட ஆட்கள் ஆளுக்கொரு உறுப்பைத் தூக்கி வருகிறார்கள். உறுப்புகள் ஒன்று சேர்ந்தால் பூனை, விலகினால் வெறும் காற்று. தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத, மேடைக்கே உரிய யுக்தி. இதய ராணி ஆடும் இடம் இன்னொன்று. 'உறங்கும் அழகி' பாலேயில் இளவரசி நான்கு இளவரசர்களிடம் ரோஜா வாங்கி, அவர்கள் கையைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று ஆடும் புகழ்பெற்ற பகுதியை வீல்டன் எடுத்துக் குலைத்திருப்பார். நடுநடுங்கும் நான்கு சீட்டுக்கட்டு வீரர்கள், ரோஜாவுக்குப் பதிலாகப் பலகாரத் துண்டுகள். முதல் நாள் ராணியாக ஆடிய ஸெனைடா யானோவ்ஸ்கி பெரிய பாலரினாவின் அத்தனை மிடுக்கையும் வைத்துக்கொண்டே அரங்கத்தைச் சிரிக்கவைத்தார். பாலேயின் வாசலை அகலத் திறக்க வேண்டும் என்று மார்ஃபோஸஸ் காலத்தில் சொன்னாரே, அது இங்கேதான் நடந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பங்கள் இன்றும் இந்த நாடகத்துக்கு வரிசை கட்டுகின்றன.

2012 இலையுதிர் காலத்தில் ராயல் பாலே 'ஃபூல்ஸ் பாரடைஸ்' என்ற அவருடைய பழைய நடனத்தை மேடையேற்றியது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மார்ஃபோஸஸ் தன் முதல் சீசனுக்காக 2007இல் உருவாக்கிய நடனம் அது. இசை, 1917இல் வந்த ஒரு ரஷ்ய மௌனப் படத்துக்காக டால்பட் எழுதியது. நீண்ட, துயரம் தோய்ந்த தந்தி இசை. மேலிருந்து பொன்னிறத்தில் ஏதோ உதிர்ந்துகொண்டே இருக்க, உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து மெல்ல உருவம் கட்டுகின்றன. வீல்டனும் டால்பட்டும் ஒன்று சேர்ந்த முதல் இடம் அதுதான். அந்தக் கூட்டு பிறகு 'ஆலிஸ்', 2014இல் 'குளிர்காலக் கதை', 2022இல் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்' என்று மூன்று முழுநீளப் பாலேக்களைத் தந்தது. மார்ஃபோஸஸ் இல்லாமல் இவை வந்திருக்குமா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏழை கம்பெனி, தன் கணக்குப் புத்தகத்தில் எங்குமே வராத ஒரு சொத்தை விட்டுச் சென்றது என்று என்னால் சொல்ல முடியும்.

'குளிர்காலக் கதை'யில் லியான்டீஸ் மன்னனாக ஆடிய எட்வர்ட் வாட்சனின் கையை மறக்க முடியவில்லை. கர்ப்பிணி மனைவிமேல் சந்தேகம் முளைக்கும் கணத்தில் விரல்கள் சிலந்திக் கால்களாகி ஊர்கின்றன. அந்த மனிதன் தன் கையைத் தானே பயத்தோடு பார்க்கிறான். ஷேக்ஸ்பியரின் வசனத்தில் சிலந்தி கிடந்த கோப்பை என்று ஓர் உவமை வரும். அதை வீல்டன் சொல்லே இல்லாமல் வாட்சனின் நீண்ட விரல்களிலிருந்து எடுத்தார். வீலனின் முதுகிலிருந்து எடுத்தாரே, அதே முறை. நடுவில் பிராட்வேக்கும் போனார். 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' பாரிஸில் தொடங்கி 2015இல் நியூயார்க் வந்தது. இயக்கம், நடனம் இரண்டும் அவர். நடனத்துக்கு டோனி விருது. 2022இல் மைக்கேல் ஜாக்சனைப் பற்றிய 'எம்ஜே'வுக்கு மறுபடியும் அதே விருது.

இழந்தது எது

இப்படிப் பட்டியல் போட்டு நண்பரின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம் மிச்சம் இருக்கிறது. வில்லியம் ஃபோர்சைத்துக்கு ஃபிராங்ஃபர்ட் நகரம் 1984 முதல் 2004 வரை ஒரு கம்பெனியைக் கொடுத்தது. ஒரே கூடத்தில், பல ஆண்டுகள் உடனிருந்த ஆட்களோடு இருபது ஆண்டுகள் வேலை செய்ததால், பாலேயின் இலக்கணத்தையே பிரித்துப் போட்டுப் புதிதாகக் கோக்கும் ஒரு மொழி அவர்களுக்குள் உருவானது. கடைசியில் நகரம் செலவைக் குறைக்கக் கிளம்பியபோது அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் விதை ஊன்றியாகிவிட்டது. இன்று உலகம் முழுக்க பாலே ஆடுபவர்களின் உடம்பில் அந்த ஃபிராங்ஃபர்ட் அறையின் தடயம் இருக்கிறது.

'பாலிஃபோனியா'வை அமைத்த கைக்கு அப்படி ஓர் அறை கிடைத்திருந்தால்? வீல்டனின் கதைப் பாலேக்களை நான் விரும்பிப் பார்ப்பவன்தான். ஆனாலும் லிகெட்டியோடு அவர் தொடங்கிய அந்த வறண்ட, கூர்மையான, கதை எதையும் பிடித்துக்கொண்டு நிற்காத பாதையில் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய அரங்கங்கள் அவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தன. பெரிய அரங்கங்களுக்கு ஈராயிரம் இருக்கைகளும் இருக்கின்றன, அவற்றை நிரப்ப ஆலிஸ் வேண்டியிருக்கிறது. எட்டுப் பேரையும் ஒரு பியானோவையும் வைத்துக்கொண்டு, யாருக்குப் புரிகிறது என்று கவலைப்படாமல் இரண்டு ஆண்டு ஒரே யோசனையைத் துரத்தும் சுதந்திரம் விருந்தாளியாக வருகிற நடன அமைப்பாளருக்குக் கிடைப்பதில்லை. அவர் ஊருக்குப் போவார், ஆறேழு வாரம் இருப்பார், நடனத்தை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு விமானம் ஏறுவார். 2024இல்கூட ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆஸ்கர் வைல்டைப் பற்றி ஒரு முழுநீளப் பாலே அமைத்தார். உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயணங்களுக்கு நடுவில் அடுத்த வீலனும் அடுத்த சோட்டோவும் எப்படி வளர்வார்கள்?

நண்பரிடம் இதையெல்லாம் பின்னொரு நாள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப நீங்க சொல்றது, அவரு தோத்துப் போகல, காசு கொடுக்கறவங்கதான் தோத்துட்டாங்க, அதானே?" என்றார். முழுக்க அப்படியும் இல்லை, ஆனால் முன்பு சொன்னதைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றேன். வீல்டனுக்கு இன்னொரு கம்பெனி வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவரை மறுபடி நன்கொடை கேட்டு அலையவிட யாருக்கு மனம் வரும்? 2012 முதல் ராயல் பாலேயில் கலைக் கூட்டாளி என்ற பொறுப்பு அவருக்கு இருக்கிறது. அங்கே பெரிய மேடைக்குக் கீழே லின்பரி என்று ஒரு சிறிய அரங்கமும் இருக்கிறது, நானூறு பேர் உட்காரலாம். ஆலிஸ் நிரப்பிய பணப்பெட்டியிலிருந்து ஒரு பங்கை எடுத்து, அதே எட்டு நடனக்காரர்களை ஆண்டில் மூன்று மாதம் அவரிடம் ஒப்படைத்து, அந்தச் சிறிய அரங்கத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று சொல்லலாம். முதல் வரிசை டிக்கெட் எவ்வளவு விலை வைத்தாலும் நான் வாங்குவேன். நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நிகழ்ச்சி முடிந்ததும் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.